நூற்றுப் பதினெட்டு கிராம்

ஜெபா எதையும் எடை போடாமல் வாயில் வைப்பதில்லை. புதுப்பட்டினத்தில் அவர்கள் வீட்டுச் சமையல் மேடையில், மிக்சிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தது. முட்டையை ஓடு உரித்துவிட்டு அதில் வைப்பாள். சங்கரா மீனை முள் நீக்கிவிட்டு வைப்பாள். சோற்றைத் தட்டோடு வைத்து, தட்டின் எடையைக் கழிப்பாள். பிறகு எல்லாவற்றையும் போனில் இருந்த செயலியில் ஏற்றுவாள். அந்தச் செயலிக்கு ஓட்ஸ் தெரியும், நெத்திலிக் குழம்பு தெரியாது. அதனால் குழம்பில் போகும் எண்ணெய்வரைக்கும் முதலிலேயே நிறுத்துக்கொண்டு, தன் பங்குக்கு எவ்வளவு என்று வகுத்து எழுதுவாள்.

"இன்னாடி இது, வூடா மளிகைக் கடையா?" என்பாள் அம்மா பிரிசில்லா. ஆனாலும் எண்ணெயை ஊற்றும்முன் கிண்ணத்தை மகள் பக்கம் நீட்டுவாள்.

ஜெபாவுக்கு வயது இருபத்தைந்து. கல்லூரியில் படிக்கும்போது பளு தூக்க ஆரம்பித்தவள். பி.காம். முடித்த பிறகு காலையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டாள். சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் போவாள். ஊருக்கு வெளியே, கல் அறுக்கும் பட்டறைகள் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு கூடம். அதுதான் கிளப். அங்கே ஹரிகிருஷ்ணன் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். முன்னாள் வீரர், முழங்கால் போனவர், அதிகம் பேசாதவர்.

மே மாதம் சென்னையில் ஒரு தேர்வு நடக்க இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. ஐம்பத்தெட்டு கிலோ பிரிவில் இரண்டு விதத் தூக்கையும் சேர்த்து நூற்று அறுபது கிலோ வந்தால் இடம் கிடைத்துவிடும். வயது வரம்பு இருபத்தைந்து. அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

"நீ அம்பத்திமூணு கிலோ கீற. இந்த ஒடம்ப வச்சிக்கினு நூத்தி அறுபது வராது," என்றார் மாஸ்டர் ஜனவரியில். "ஏப்ரலுக்குள்ள மூணு கிலோ ஏத்து. கொழுப்பு வாணாம். சதை."

யாரோ ஒரு புண்ணியவான் கிளப்புக்குப் புரதப் பொடி வாங்கிக் கொடுத்திருந்தார். தேர்வுக்குப் போகும் மூன்று பெண்களுக்கும் ஆளுக்கு மூன்று டின். தினம் இரண்டு கரண்டி, பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும். பொடி, அரை லிட்டர் பால், முட்டை, மீன், வேர்க்கடலை, மீல்மேக்கர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு நூற்றுப் பதினெட்டு கிராம் புரதம். அந்தக் கணக்கை மாஸ்டர்தான் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த அன்றே அம்மா மூன்று டின்னையும் பிரித்து ஒரே எவர்சில்வர் தூக்கில் கொட்டி வைத்தாள். "கடல் காத்துக்கு ரெண்டு நாள்ல கட்டி கட்டிடும். எறும்பு வேற," என்றாள். ஜெபாவுக்கு அதில் தவறாக எதுவும் படவில்லை. அம்மா ஒரு கடற்கரை ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிறவள். பொருளை மூடி வைப்பதும் மடித்து வைப்பதும் அவளுக்குக் கைவந்த வேலை. அப்பா இறந்த இந்த ஆறு வருடத்தில் அந்தச் சமையலறையில் ஒரு பொருள் வீணாகிப் போனதில்லை.

பிப்ரவரி முழுக்க ஜெபா எழுதினாள். மார்ச் முழுக்க எழுதினாள். காய்ச்சல் வந்த இரண்டு நாளும் எழுதினாள். மார்ச்சில் பொடி கொஞ்சம் அடியில் தங்குவதுபோல இருந்தது. ஈரக் காற்று பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நன்றாகக் குலுக்கிக் குடித்தாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் மாஸ்டர் எல்லோரையும் எடை பார்த்தார். மற்ற இரண்டு பெண்களும் மூன்று கிலோவை ஒட்டி ஏறியிருந்தார்கள். ஜெபா ஒரு கிலோகூட முழுதாக ஏறவில்லை. மாஸ்டர் அவள் போனை வாங்கி, இரண்டு மாதக் கணக்கையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"நூத்திப் பதினெட்டு. நூத்திப் பதினெட்டு. நூத்தி இருவது. இதெல்லாம் நெஜமா?"

"நெஜம் மாஸ்டர்."

"அப்ப ஏறவேண்டிய எடை எங்க பூட்ச்சி?"

ஜெபாவும் போனை எட்டிப் பார்த்தாள், ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

"பவுடர் தீந்துதா?"

"இன்னும் கீது மாஸ்டர்."

மாஸ்டர் போனைக் கீழே வைத்தார். "மூணு டின்னு. ஒரு டின்னுக்கு முப்பது கரண்டி. நாளைக்கு ரெண்டு. எத்தினி நாளுக்கு வரும்?"

நாற்பத்தைந்து நாள். ஜனவரி கடைசியில் தொடங்கியது மார்ச் நடுவிலேயே தீர்ந்திருக்க வேண்டும்.

"அதுங்க ரெண்டும் மார்ச்சுலயே காலி டின்ன கொணாந்து வச்சிட்டுதுங்க. உனுக்கு மட்டும் ஊறுதா?" என்றார் மாஸ்டர். குரல் உயரவில்லை. "துன்னலன்னா துன்னலன்னு எழுது. நான் அடிக்கப் போறனா? நீ எழுதறத நம்பித்தான் நான் உன் பார்ல வெயிட்டு ஏத்தறேன். பொய்ய எழுதிக் குட்த்தா உன் முதுகுதான் போவும்."

மற்ற பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை ஜெபா கடைக்கு லீவு சொன்னாள். அம்மா வேலைக்குப் போன பிறகு தூக்கைத் திறந்தாள். ஒரு கரண்டி பொடியைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்தாள். பால் புரதம் சூடு பட்டால் திரிதிரியாகப் பிரிந்து போகும். இது பிரியவில்லை. கிண்டக் கிண்டக் கெட்டியாகி, கரண்டியில் பசைபோல ஒட்டியது. ஆற வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள். பொட்டுக்கடலை மாவும் கோதுமை மாவும், கூடவே சாக்லேட் வாசனைக்குக் கொஞ்சம் கோகோ.

மூன்று மணிக்கு அம்மா வந்தாள். மேடைமேல் இருந்த வாணலியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

"யாருக்கும்மா குட்த்த?"

"யாருக்குக் குடுப்பாங்க? உங்க அண்ணனுக்குத்தான்."

அண்ணன் ஜோஷ்வா கால் டாக்சி ஓட்டினான். முப்பது வயது. அவனை விட்டால் அம்மாவுக்கு உலகத்தில் வேறு ஆண்பிள்ளை இல்லை.

"ரெண்டு எடம் தட்டிப் பூட்ச்சி, தெரியும் இல்ல?" என்றாள் அம்மா. இப்போது திரும்பி நின்றாள். "மாப்பிள்ள குச்சியாட்டம் கீறாரு, எதுனா சீக்கா இருக்கும்னு என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. ஊரப்பாக்கத்துப் பொண்ணு பாக்க வர்றதுக்குள்ள அவன் ஒடம்பு தேறணும். நீ நிறுத்து நிறுத்துத் துன்ற. அவனுக்கு அள்ளிப் போட யாரு கீறாங்க?"

"கேட்டுருந்தா நானே குட்த்துருப்பனே!"

"குட்த்துருக்க மாட்ட. ஒரு முட்டை எட்த்தாக்கூட கணக்கு எழுதற ஆளு நீ."

"பாலு?"

"பாலும்தான்," என்றாள். "பாதி அவனுக்கு. உன்னுதுல தண்ணி ஊத்தினேன்."

ஜெபா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. தினம் எவ்வளவு குறைந்திருக்கும் என்று அவள் தலை தானாகக் கணக்குப் போட்டது. பொடியில் பாதி, பாலில் பாதி. தொண்ணூறு கிராம்கூட வந்திருக்காது. அதை வைத்துக்கொண்டுதான் மாஸ்டர் ஏற்றிய எடையையெல்லாம் தூக்கியிருக்கிறாள். தினமும் இடுப்பு வலித்ததும், படிக்கட்டு ஏறும்போது கால் நடுங்கியதும் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"எனுக்கா எட்த்துக்கினேன்?" அம்மாவின் குரல் உடைந்தது. "ஒரு ஸ்பூன் என் வாயில வச்சிருந்தா என் நாக்கு அழுவிப் போவட்டும். நீ நாளைக்கு இன்னொருத்தன் வூட்டுக்குப் போறவ. இரும்பத் தூக்கித் தூக்கித் தோளு ஆம்பள தோளாட்டம் ஆயிப்பூட்ச்சி. அத யாருக்குக் காட்டப் போற? அவன் எனுக்குக் கஞ்சி ஊத்தறவன்டி."

ஜெபா எழுந்து வாணலியைக் கழுவி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கிளப்புக்குப் போனாள். வழி நெடுக ஒரு வாக்கியத்தையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். எங்கம்மா எட்த்துட்டாங்க மாஸ்டர். வெங்கம்பாக்கம் தாண்டும்போது அது வந்தது. பாலத்தின்மேல் வந்தது. கூடத்துக்குள் போய், மாஸ்டரும் அந்த இரண்டு பெண்களும் தன்னைத் திரும்பிப் பார்த்தபோது வரவில்லை. பெற்ற தாயைத் திருடி என்று நாலு பேருக்கு முன்னால் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ரிசார்ட்டில் ஒரு துண்டு காணாமல் போனாலும் முதலில் அம்மாவின் பையைத்தான் சோதிப்பார்கள். அதைச் சொல்லி அம்மா அழுததை அவள் பார்த்திருக்கிறாள்.

"ஆமா மாஸ்டர்," என்றாள். "நாந்தான் ஒழுங்கா குடிக்கல."

மாஸ்டர் தலையை ஆட்டினார். அதன் பிறகு அவள் போனை அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. அடுத்து வந்த டின்கள் மற்ற இரண்டு பேருக்கும் போயின. ஜெபா கடையில் பேரீச்சம்பழமும் கடலையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு தின்றாள். முட்டையைக் கடையிலேயே வேக வைத்துக்கொண்டாள். ஆறு வாரத்தில் என்ன ஏறுமோ அது ஏறியது.

தேர்வு நாளில், தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்கும் முதல் தூக்கில் எழுபது கிலோ எடுத்தாள். அவள் வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம். இரண்டாவது விதத்தில், முதலில் தோளுக்குக் கொண்டுவந்து பிறகு மேலே ஏற்ற வேண்டும். எண்பத்தாறு எடுத்தாள். நூற்று ஐம்பத்தாறு ஆயிற்று. மீதி நாலு கிலோவுக்குத் தொண்ணூறு கேட்டாள். தோளுக்கு வந்தது. மூச்சை இழுத்து மேலே தள்ளினாள். கம்பி நெற்றியைத் தாண்டியது, கை நிமிர்ந்தது. பிறகு வலது முழங்கை மட்டும் ஒரு விரற்கடை மடங்கியது. கம்பி முன்னால் விழுந்து மேடை அதிர்ந்தது.

அந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு இடம் கிடைத்தது.

வேனில் திரும்பி வரும்போது மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. அவருக்கும் மனசு கனத்திருந்தது. "துன்னுருந்தா மேல போயிருக்கும் ஜெபா," என்றார். "அவ்ளோதான் கொறை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூனில் ஜோஷ்வாவுக்கு ஊரப்பாக்கத்து அனுவோடு கல்யாணம் நடந்தது. நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்தபடி குடித்த பாலும் பொடியும் அவனுக்குத் தோளில் ஏறவில்லை, வயிற்றில் ஏறியிருந்தன. கோட்டுக்குப் பொத்தான் போடத் திணறினான். அம்மா வந்தவர்களிடமெல்லாம், "எப்டி ஒடம்பு வந்துட்சி பாத்தியா எம்புள்ளைக்கு!" என்று சொல்லிப் பூரித்தாள்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஜெபா அண்ணனிடம் பொடி விஷயத்தைச் சொன்னாள். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியோடு நிமிர்ந்தான்.

"எனுக்குத் தெரியாது ஜெபா. சத்து மாவுன்னு சொல்லித்தான் குட்த்தாங்க." அவன் முகம் உண்மையாகவே வாடியது. துணியைப் பிழிந்தான். பிறகு, "சரி வுடு. அம்மா தெரியாம பண்ட்டாங்க. அடுத்த வர்சம் பாத்துக்கலாம்," என்றான்.

"அடுத்த வர்சம் எனுக்கு வயசு தாண்டிடும்."

"அப்டியா?" என்றான். இவ்வளவு நாளும் ஒரே வீட்டில் இருந்தும் அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. "வேற எதுனா எக்ஸாம் வராமலா பூடும்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

இப்போது ஜெபா மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் ஜிம்மில் வேலை செய்கிறாள். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு எந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறாள். எவ்வளவு சாப்பிட்டால் எவ்வளவு சதை ஏறும் என்று சிலர் கேட்பார்கள். சொல்லிக் கொடுப்பாள். எழுதி வையுங்கள் என்பாள்.

வீட்டில் தனக்கென்று ஒரு கரண்ட் அடுப்பை வாங்கித் தன் அறையில் வைத்துக்கொண்டாள். தனக்கு வேண்டியதைத் தானே வாங்கி, தானே சமைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாள். அம்மாவோடு பேசாமல் இல்லை. கரண்ட் பில், அனுவின் பிரசவத் தேதி, மோட்டார் ரிப்பேர் என்று எல்லாம் பேசுகிறாள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பிரிசில்லா யாரிடமாவது சொல்லி அழுவாள். "பெத்தவ நானு. என் கையால ஒரு வாய் துன்ன மாட்டேங்குது. நான் இன்னா வெசத்தையா வச்சிட்டேன்?"

கேட்கிறவர்கள் திரும்பி ஜெபாவைத்தான் பார்ப்பார்கள். இத்தனை உரமான தோளும் கையும் வைத்துக்கொண்டு ஒரு தாயை இப்படி அழவிடுகிறாளே என்று.