பாங்காக் போய் வந்த நெற்றி

“இந்த வருசம் மாசிக்களரியில பாருங்க, நம்ம கருப்பசாமிக்கே என்னைய அடையாளம் தெரியாது. ‘யாருலே இந்த எளந்தாரி’ன்னு திகைச்சு நிக்கப் போகுது!”

சாயல்குடி பஜாரில் தன் உரக்கடை வாசலில் நின்றுகொண்டு காளீஸ்வரன் இப்படி அறிவித்தார். எதிரே தவசியின் டீக்கடையில் நின்ற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரையேறியது. சிந்திய டீயில் அன்றைக்கு சாயல்குடி எறும்புகள் நீச்சல் பழகின.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மாசிக்களரி என்கிற குலசாமி கும்பிடில் கருப்பசாமி வருசா வருசம் இறங்குவதே காளீஸ்வரன் மேல்தான். அவருக்கு முன்னால் அவருடைய அய்யா மேல் இறங்கியது. அந்த வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரும் சாமியின் அரிவாளைப் பிடித்து ஆடியதில்லை. கூட்டத்துக்குள் எங்கே ஒளிந்து நின்றாலும் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிற சாமி, தன் சொந்த ஆளை மறந்துவிடுமாம்!

“ஏம்ப்பா, சாமிக்கு மறதி மாத்திரை எதுவும் குடுத்துட்டியா?” என்றார் தவசி.

“மாத்திரை இல்லப்பா, ஊசி. சாமிக்கில்ல, எனக்கு.” காளீஸ்வரன் நெற்றியைத் தூக்கிக் காட்டினார். தூக்கிக் காட்டியதாக அவர் நினைத்துக்கொண்டார். நெற்றி அசையவில்லை.

வினை ஆரம்பித்தது ஒரு நாற்காலியில். உரக் கம்பெனி நடத்திய டீலர் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, “தாத்தா, நீங்க உட்காருங்க” என்று இடம் கொடுத்துவிட்டாள். காளீஸ்வரன் உட்காரவில்லை. மீசைக்கு அடித்திருந்த மை எல்லாம் வீணாகிப்போனதே என்ற ஆத்திரத்தில் கூட்டம் முடியும்வரை நின்றார், பிரியாணியையும் நின்றுகொண்டே சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால், நெற்றியில் மூன்று மடிப்பு. மடிப்பு என்றால் சாதாரண மடிப்பா? மழை பெய்தால் ஒவ்வொன்றிலும் அயிரை மீன் துள்ளும். சண்டை போட்டுப் போட்டும் சாமி ஆடி ஆடியும் வாங்கிய மடிப்புகள்.

அந்த வருடம் நிறைய மூட்டை விற்றதற்காகக் கம்பெனிக்காரன் டீலர்களைப் பாங்காக்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். மற்ற டீலர்கள் புலியைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் மட்டும் நழுவி, ஒரு பெரிய கடைவளாகத்தில் செருப்புக் கடைக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் நடுவில் இருந்த அழகு மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டார். போடாக்ஸ் ஊசி. அதைப் போட்டால் தசை அசையாது, தசை அசையாவிட்டால் மடிப்பு விழாது என்று செல்போனில் பார்த்து வைத்திருந்தார்.

அங்கே இருந்த டாக்டரம்மாவின் முகத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடியும். அவள் சைகையில், ‘கோபப்பட்டுக் காட்டு, எந்தெந்த இடத்தில் மடிகிறதென்று பார்க்கிறேன்’ என்றாள். காளீஸ்வரனுக்குத் தெரிந்த கோபம் ஒன்றுதான். கண்ணை உருட்டி, புருவத்தை முடிந்து, கருப்பசாமியின் முகத்தை அப்படியே எடுத்து அவளுக்குக் காட்டினார். டாக்டரம்மா ‘ஓய்’ என்று அலறி நர்சின் மேல் போய் விழுந்தாள். எழுந்து வந்ததும் முதல் வேலையாக இன்னொரு குப்பியையும் உடைத்தாள். யானைக்குப் போடுகிற அளவு போட்டிருப்பாள் என்று பின்னால் தவசி கணக்குச் சொன்னார். குறைத்துச் சொல்லுவது தவசியின் பழக்கம்.

ஊர் வந்த ஒரு வாரத்தில் மருந்து முழுசாகப் பிடித்துக்கொண்டது. நெற்றி கிரானைட் போட்ட தரை மாதிரி பளபளத்தது. வலது புருவம் மட்டும் எப்படியோ தப்பித்து, கடைசி நுனியில் மேலே ஏறி நின்றுகொண்டது. யார் எதைச் சொன்னாலும் ‘அப்படியா?’ என்று நக்கலாகக் கேட்கிற புருவம். திருவாடானையில் ஒரு துக்க வீட்டுக்குப் போனார். “நல்லாத்தான் மாமா இருந்தாக, காபி கேட்டாக, அப்படியே சாஞ்சுட்டாக” என்று அழுதுகொண்டே சொன்ன பெண், இவருடைய புருவத்தைப் பார்த்துவிட்டு அழுகையை நிறுத்தினாள். “ஏன் மாமா, நான் என்ன பொய்யா சொல்றேன்?”

வீட்டில் கனகலட்சுமியின் பேச்சுக்கு வாழ்வு வந்துவிட்டது. ஊரிலேயே நாக்கு நீளமான பெண்ணைத்தான் காளீஸ்வரன் கட்டியிருந்தார்.

“எல்லாரும் வெளிநாட்டுக்குப் போயி எதையாச்சும் வாங்கிட்டு வருவாக. எங்க வீட்டு ஆளு மூஞ்சியக் குடுத்துட்டு வந்திருக்காக” என்று பக்கத்து வீட்டு முருகலட்சுமியிடம் அம்மிச் சத்தத்துக்கு மேலே சொன்னாள்.

“அடியே, கொழுப்பா? எனக்குக் கோபம் வந்துச்சுன்னா...”

“வந்திருச்சா, இனிமேத்தான் வருமா? ஒண்ணும் வெளங்க மாட்டேங்குதே. வந்தா கையத் தூக்குங்க, நான் தெரிஞ்சுக்கிறேன்.”

அவளுடைய ஏளனத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் காளீஸ்வரனுக்கு மனப்பாடம். உதட்டைச் சுழிப்பது சில்லறைக் கோபத்துக்கு. மூக்கை விடைப்பது அவருடைய அக்கா தங்கைகளுக்கு. ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது அவருக்கென்றே தனியாக வைத்திருந்தது. பாங்காக்குக்குப் பிறகு மூன்றையும் சேர்த்தே பரிமாறினாள். பொறாமை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இன்னொரு தடவை கண்ணாடி பார்க்கப் போனார்.

களரிக்கு முந்தின வாரம் கோயில் காரியக்காரர் இருளாண்டி கடைக்கு வந்தார். சாமி வந்தால் அதனிடம் கேள்வி கேட்டு, வந்தது சாமிதானா என்று சோதிக்கிறவர் அவர்தான். முறைக்குக் காளீஸ்வரனுக்குச் சித்தப்பா. வந்தவர் உர மூட்டையின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலே காளி, உங்கய்யனுக்கு சாமி வந்தா நெத்தியில மடிப்பு மூணும் எந்திரிச்சு, நடுவுல ஒரு முடிச்சு விழுகும். உனக்கும் அப்படித்தான். அந்த முடிச்சைப் பார்த்துத்தான்லே நாங்க கும்பிடுறது.”

“சாமி உடம்புல வாரது சித்தப்பா. நெத்தியிலயா வருது?”

“எங்களுக்கு உன் வயித்துக்குள்ளயா பார்க்க முடியும்? முடிச்சு விழுகாம அரிவாளக் கையில குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன். ஏன் அப்படிப் பார்க்கிற, நான் சொல்றது நக்கலா இருக்கா?”

“அய்யோ சித்தப்பா, புருவம் அது பாட்டுக்கு நிக்குது!”

அன்றைக்குத்தான் காளீஸ்வரனுக்கு விசயம் உறைத்தது. ஊரில் அவருக்கு இருந்த மதிப்பு உரக்கடையால் வந்ததல்ல. உர மூட்டை யார் வேண்டுமானாலும் விற்கலாம். அந்த அரிவாள் கையில் இருக்கிற ஒரு பொழுதுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் ஊர் அவருக்கு எழுந்து நின்றது. அது போனால் தாத்தா என்று கூப்பிட்டுக்கூட நாற்காலி போட ஆள் இருக்காது. கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு வாரம் பயிற்சி எடுத்தார். விளக்கெண்ணெய் தடவினார், வெந்நீர் ஒற்றடம் கொடுத்தார், கடைசியில் நெற்றியைக் கையாலேயே பிடித்து மடித்தும் பார்த்தார். விட்டதும் ரப்பர் மாதிரி விரிந்துகொண்டது.

சிவராத்திரி கழிந்து, மறுநாள் முற்பகல். பனங்காட்டுக்கு நடுவே கோயில் முன்னால் ஊரே கூடி நின்றது. உறுமி முழங்கியது, குலவை எழுந்தது, சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. கச்சை கட்டி, சலங்கை கட்டி நின்ற காளீஸ்வரன் கண்ணை மூடினார். மற்ற வருடங்களில் உறுமி மூன்று உருட்டு உருட்டுவதற்குள் காது அடைத்துப்போகும். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மறுநாள் யாராவது சொல்லித்தான் அவருக்கே தெரியும். இந்த வருடம் எல்லாம் தெளிவாகக் கேட்டது. தவசி செல்போனில் வீடியோ எடுப்பது தெரிந்தது. தன்னை எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கிறார் என்பதுகூடத் தெரிந்தது. சாமி வரவில்லை. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால் என்ன, பழகின ஆட்டம்தானே என்று ஒரு குதி குதித்தார்.

“ஆ...ய்!”

இருளாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “வந்திருக்கிறது யாரு?”

“கருப்பன்டா!”

“கருப்பன்னா உக்கிரமால்ல இருப்பாரு. இது ஜவுளிக்கடை வாசல்ல வேட்டி கட்டி நிப்பாட்டுன பொம்மை மாதிரி இருக்கே.”

“உக்கிரமாத்தான்டா இருக்கேன்!”

“மொகத்துல காட்டு சாமி.”

காளீஸ்வரன் காட்டினார். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி நெற்றிக்கு அனுப்பினார். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது, பல் நறநறத்தது, மீசை துடித்தது. நெற்றி மட்டும் மத்தியானக் குளம் மாதிரி கிடந்தது. போக வழியில்லாத பலம் பக்கவாட்டில் போய், இரண்டு காதும் முன்னும் பின்னும் ஆடின.

பெண்கள் பக்கமிருந்து முதல் சிரிப்பு வந்தது. அவ்வளவுதான், உறுமிக்காரன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பில் பனையிலிருந்த தூக்கணாங்குருவியெல்லாம் கிளம்பியது, உச்சிப்புளி போய்த்தான் உட்கார்ந்திருக்கும்.

“வரல” என்றார் இருளாண்டி. அரிவாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சித்தப்பா, ஒரு நாலு மாசம் பொறுங்க. மருந்து எறங்கிரும், மடிப்பு வந்துரும்...”

“அப்ப சாமிய நாலு மாசங்கழிச்சு வரச் சொல்லவா? உன் நெத்தி தயாராகுற வரைக்கும் அது உச்சிப்புளி பஸ் ஸ்டாண்டுல காத்திருக்கவா?”

அடுத்த சிரிப்பு எழும்புவதற்குள் ஒரு வெண்கலத் தட்டு தரையில் விழுந்து உருண்டது. கனகலட்சுமி. கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. பெண்கள் பிடிக்கப் போனார்கள். பிடித்த நாலு பேரும் நாலு திசையில் போய் விழுந்தார்கள். அவள் நெற்றியில் மூன்று மடிப்பு எழுந்து, நடுவில் பாக்கு அளவுக்கு ஒரு முடிச்சு விழுந்திருந்தது.

உறுமிக்காரன் தடவிக் குச்சியை எடுத்தான். ஊர் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

காளீஸ்வரன் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. நடிக்கிறாள். என்னை ஊர் முன்னால் கெடுப்பதற்கென்றே நடிக்கிறாள். வீட்டில் பேசியது போதாதென்று கோயிலிலும் ஆரம்பித்துவிட்டாள். “கனகு, போதும் நிறுத்து, வீட்டுல பேசிக்கலாம்” என்று பல்லுக்குள் சொன்னார்.

அவள் நேரே வந்து அவருடைய தாடையைப் பிடித்தாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள், சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி.

“யாருலே இது? என் ஆள எங்கலே? காளீஸ்வரன் எங்கலே?”

கூட்டத்துக்கு மூச்சு நின்றது. அந்த ஊரில் பெண்கள் புருசன் பேரைச் சொல்ல மாட்டார்கள். கனகலட்சுமியின் நாக்கு எத்தனை நீளமானாலும் அந்த வேலியை ஒருநாளும் தாண்டியதில்லை. ரேசன் கடையில் பேர் கேட்டால்கூட முருகலட்சுமியை இடித்து அவளைச் சொல்ல வைப்பாள்.

“நாந்தான்... நாந்தான் காளீஸ்வரன்” என்றார். இதென்ன, நடிக்கிறவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

“நீ இல்ல. அவன் நெத்தியில நான் உக்கார மூணு படி இருக்கும்.” மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவர் தலையோடு ஊற்றினாள். உள்ளங்கையால் நெற்றியை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். “காணோமே... காணோமேலே. எங்கன கொண்டுபோயி வச்சீக?”

தேய்க்கும்போது அவளுடைய கண்கள் அவர் கண்ணுக்கு நேராக இருந்தன. காளீஸ்வரன் உதட்டுச் சுழிப்பைத் தேடினார். மூக்கு விடைக்கவில்லை. அவருக்கென்று வைத்திருந்த அந்த ஒற்றைக் கண் சுருக்கமாவது வரும் என்று பார்த்தார். வந்திருந்தால் எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கும்! ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தை ஏளனம் இல்லாமல் அவர் பார்த்ததே கிடையாது. இப்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருவரைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியெல்லாம் நடிக்கக் கனகலட்சுமிக்குத் தெரியாது. அவரை வெறுக்கத் தெரியும், திட்டத் தெரியும், தெரியாத ஆளாகப் பார்க்கத் தெரியாது.

இருளாண்டி அரிவாளோடு பக்கத்தில் வந்தார். சாமி ஆள் மாறினால், முந்தின ஆள் வாயால் ‘வந்தது உண்மை’ என்று சொன்னால்தான் புது ஆள் கைக்கு அரிவாள் போகும். அதுதான் கோயில் வழக்கம். சொல்லாவிட்டால் அந்த வருடம் களரி வெறும் களரி, விபூதி கிடையாது, ஊர் அப்படியே கலைய வேண்டியதுதான்.

“ஊரே கும்பிட்டுருச்சுலே காளி. நீ ஒருத்தன்தான் நம்பாம நிக்கிற. சொல்லு, வந்ததா, வரலையா?” அவருடைய வலது புருவத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு இருளாண்டி கண்ணை மூடிக்கொண்டார். “வாயி சொல்றத மட்டும் எடுத்துக்கிறேன்.”

வரலை என்று சொன்னால் அடுத்த வருடம் நெற்றி திரும்பிய பிறகு அரிவாளைக் கேட்டுப் பார்க்கலாம். வந்தது என்றால் அது இனி அடுப்படிக்குள் போய்விடும். தினமும் காலையில் அதற்கு முன்னால் காபி வாங்கிக் குடிக்க வேண்டும். காளீஸ்வரன் இரண்டையும் யோசித்தார். மஞ்சள் தண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது. எதிரில் நின்றவள் இன்னும் கூட்டத்துக்குள் காளீஸ்வரனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“வந்திருச்சு சித்தப்பா” என்றார். “சாமிதான். அதுக்கு என்னைய அடையாளம் தெரியல.”