ஐந்து மணிவரை ஒரு சாய்வுப்பாதை

எங்கள் ஊரின் பழைய தெருக்களில் வீடு வைத்திருப்பவர்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை, காவல்காரர்கள். ஜன்னல் கதவுக்கு எந்தப் பச்சை அடிக்கலாம் என்பதைக்கூடப் பழமைக் காப்புக் குழுதான் சொல்லும். லின்வுட்டின் சக்கர நாற்காலி இறங்க வாசலில் ஒரு சாய்வுப்பாதை போடட்டுமா என்று கேட்டேன். தெருவிலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்தும் என்று மறுத்துவிட்டார்கள். பின்பக்கம் இறங்கினால் உப்புச் சேறு. அதில் நண்டு நடக்கும், நாற்காலி நகராது.

லின்வுட் என் கணவர். துறைமுக வாயிலின் மணல்மேடுகளுக்கு நடுவே கப்பல்களுக்கு வழிகாட்டிக் கூட்டிவந்த பைலட். பக்கவாதம் விழுந்தபின் ஆஸ்பத்திரி ஆட்கள் தூக்கிவந்து உள்ளே விட்டதோடு சரி, குளிர்காலம் முழுக்க வெளியே இறங்கவில்லை. பாலத்துக்கு அந்தப்புறம் தீவில் இருக்கும் அவர் தங்கை வெர்டெல், "எங்கிட்ட வந்துடுங்க அண்ணி, இங்க படியே கிடையாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுடையது தகர வீடு. நான் மூக்கைச் சுளித்தேன். இது என் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. செங்கல் சுமந்த அடிமைகளின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை, அது வேறு வயிற்றெரிச்சல். இருந்தாலும் என் வீடு.

ஏப்ரலில், டிக்கெட் வாங்கிய ஜனங்கள் பழைய வீடுகளுக்குள் வந்து சுற்றிப்பார்க்கும் திருவிழா வந்தது. எங்கள் வீடும் அதில் உண்டு. அன்றைக்கே படித்துறையில் இறால் படகுகளுக்குப் பாதிரியார் ஆசி வழங்குவார். "ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாமா?" என்று லின்வுட் வாரக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். எப்படிக் கூட்டிப்போவேன்? போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் விழாக் குழுத் தலைவி மிஸ் அடலேட் இரண்டு தச்சர்களோடு வந்தாள். வாசல் படிகளின்மேல் பலகை போட்டு அழகான சாய்வுப்பாதை அமைத்தார்கள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடலேட், இது லின்வுட்டுக்கா?"

"இல்ல கண்ணு. சக்கர நாற்காலியில ஒரு அம்மா டிக்கெட் வாங்கியிருக்காங்க. அஞ்சு மணிக்குக் கழட்டிடுவோம். ஒருநாள்தானே, காப்புக் குழு ஒண்ணும் சொல்லாது."

அதோடு விட்டாளா? கூடத்தில் கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்தக் காலத்துச் சாமான் எதுவும் கண்ணுல படக்கூடாது. பின்னறைக்குத் தள்ளிடலாமா?"

"லின்வுட்டையும்தானா?"

"சாயங்காலம்வரைக்கும்தான். ரேடியோவச் சின்னதா வச்சுக்கட்டும். நீ பாவம், ரொம்பக் களைச்சுட்டே."

எங்கள் ஊரில் 'பாவம்' என்று சொன்னால் கன்னத்தில் அறைந்ததாக அர்த்தம். வாங்கிக்கொண்டேன்.

பின்னறையில் கட்டில், கமோடு நாற்காலி, சக்கர நாற்காலியில் லின்வுட், நான். கதவை மூடி வெளியே வெல்வெட் கயிறு கட்டிவிட்டார்கள். ஜன்னல் திறந்தால் சேற்று நாற்றம், மூடினால் புழுக்கம். வெளியே அந்தக் காலத்துக் குடைப்பாவாடை கட்டிய வழிகாட்டிப் பெண்ணின் குரல் என் பாட்டனாரின் பீங்கான் தட்டுகளைப் புகழ்ந்துகொண்டே வந்தது.

"இந்தக் கதவுக்குப் பின்னால என்னம்மா?" என்று யாரோ கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க சார். துடைப்பம், வாளி வைக்கிற இடம்."

லின்வுட் கோணிய வாயால் முழுப் பலத்தோடு கத்தினார். "துடைப்பம் உயிரோடதான் இருக்கு!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கதவைத் திறந்து, கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, நாற்காலியைத் தள்ளினேன். வீடு பார்க்க வந்தவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். "ரொவீனா! ரொவீனா!" என்று அடலேட் பின்னால் கூப்பிட, பலகையில் தடதடவென்று இறங்கிவிட்டோம்.

படித்துறையில் படகுகள் கொடி கட்டி வரிசையாக வந்தன. ஒவ்வொரு படகிலிருந்தும் லின்வுட்டைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். "கேப்டன், செத்துட்டீங்கன்னுல்ல நெனச்சோம்!" என்று ஒருவன் கத்தினான். "நானும் அப்படித்தாண்டா நெனச்சேன்!" என்றார் இவர். வறுத்த இறாலைக் கையால் எடுத்துத் தின்று சட்டையெல்லாம் எண்ணெயாக்கிக்கொண்டார். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் திரும்பி வரும்போது தச்சர்கள் கருவிகளோடு காத்திருந்தார்கள். "சீக்கிரம் ஏத்துங்கம்மா, கழட்டணும்."

பலகைமேல் சக்கரம் ஏறவிருந்தது. லின்வுட் பிரேக்கைப் போட்டார்.

"ரொவீனா, மேல வந்தா இனிப் பொணமாத்தான் எறங்குவேன். உன் வீட்டை நான் ஒண்ணும் சொல்லல. என்னைத் தங்கச்சி வீட்டுல விட்டுடு. நீ இங்கயே இருந்துக்கோ."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். கெஞ்சினார். கப்பல்களை உள்ளே கொண்டுவந்த மனிதர், வெளியே இருக்க என்னிடம் அனுமதி கேட்டார். அந்த வீட்டின் மேல் எனக்கு முதன்முறையாக வெறுப்பு வந்தது.

"கழட்டிக்கோங்கப்பா" என்றேன் தச்சர்களிடம். வெர்டெலுக்குப் போன் செய்து வண்டி கொண்டுவரச் சொன்னேன். ஓரமாக மேலே ஏறி அவர் மாத்திரைகள், சவரக் கத்தி, என் இரண்டு கவுன்கள், இவ்வளவையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

கடைசியாக ஒரு பெண்மணி டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "நேரமாயிடுச்சா? வீட்டைப் பாக்கலாமா?"

"போய்ப் பாருங்க" என்றேன். "நாங்க பாத்தாச்சு."