மருந்துக்கும் இல்லை

1

ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒட்டுக் கேட்டது. பக்கத்தில் நின்ற பெண் போனில் சொன்னாள்: "லேப்ல எல்லாத்தையும் தீத்துப்போட்டேனுங்க. அடுத்தது உங்க கிணறுதானுங்க."

வாரம் ஒரு கொலை எழுதுகிறவன் சும்மா இருப்பேனா? அவள் ஏறிய பஸ்ஸிலேயே நானும் ஏறினேன்.

2

தொடக்கம் (அ): நள்ளிரவு. கிணற்றில் ஏதோ மிதந்

(அடித்துவிட்டேன். மிதக்கவில்லை, கரைந்திருந்தது. நள்ளிரவும் உதவாது. இந்தக் கதைக்கு வெயில் வேண்டும்.)

தொடக்கம் (ஆ): பெரியநாயக்கன்பாளையம் தாண்டித் திருமலைசாமியின் கறிவேப்பிலைத் தோட்டம். அடித்த பூச்சிமருந்து கிணற்றில் இறங்கிவிட, அவர் மனைவி வெங்கடம்மாள் கேன் தண்ணீர் வாங்கியே சலித்துப்போயிருந்தார். பஸ் ஸ்டாண்டுப் பெண் லின்சி, வேதியியல் ஆராய்ச்சிக்காரி, வெள்ளைப் பொடி பூசிய கண்ணாடித் தட்டுகளைக் கிணற்றுமேட்டில் சரித்து வைத்தாள்.

"இந்த மருந்து மேல வெயில் பட்டா..."

மோட்டார் நின்றது.

"ஏனுங்க அம்மணி, மருந்து கெடுத்த தண்ணிக்கு இன்னொரு மருந்துங்களா?" திருமலைசாமியின் கை சுவிட்சில். "எடுத்துட்டுக் கெளம்புங்க."

(இவரை வில்லனாக்கிப் பார்த்தேன். இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே விரட்டுகிறவர் அதற்கு ஆகமாட்டார்.)

லின்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மருந்து இல்லீங்க. வினையூக்கி."*

"அதென்னுங்க, ஊக்கமருந்தா?"

"ஏனுங்க, சித்த சும்மா இருங்க," என்றார் வெங்கடம்மாள். "கண்ணு, பொடி தண்ணியோட வருமா?"

"வராதுங்க. தட்டுலயே இருக்கும். வெயில் பட்டா, பூச்சிமருந்தை உடைச்சுப்போடும்."

"அப்ப மோட்டாரைப் போடுங்க. வெயிலு நம்முளுதுதானே."

* தூண்டிவிட்டுத் தான் செலவாகாமல் இருப்பது. என் கதைகளில் இப்படிப்பட்டவர்கள் கடைசிப் பக்கத்தில் மாட்டுவார்கள். இது மாட்டாது.

3

தட்டுகளின் மேல் தண்ணீர் ஓடியது. அப்போது குருடிமலைப் பக்கமிருந்து ஒரு மேகம்

(சஸ்பென்ஸுக்காகச் சேர்த்தேன். பொய். வெயில் மண்டையைப் பிளந்தது.)

தட்டிலிருந்து வடிந்த தண்ணீர் பரிசோதனைக்குப் போனது. முடிவு வந்ததும் லின்சி வெங்கடம்மாளுக்குப் போன் போட்டுக் கத்தினாள்: "அம்மா! பூச்சிமருந்து மருந்துக்கும் இல்லீங்க!"

பக்கத்தில் நின்று கேட்ட திருமலைசாமிக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு தோட்டமே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். "மருந்துக்கும் மருந்து இல்லையா!"

மோட்டாரைப் போட அவரே ஓடினார்.

4

முடிவு. வெங்கடம்மாள் வடிந்த தண்ணீரைச் சொம்பில் பிடித்து அண்ணாந்து குடித்தார். அங்கேயே முடித்திருப்பேன். ஆனால் வாசலில் கேன் வண்டி ஹாரன் அடித்தது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்.

"ஏனுங்க தம்பி..."

மீதியை நீங்களே எழுதுங்கள். ஒரே நிபந்தனை: எப்படி விரட்டினாலும், கடைசியில் 'ங்க' இருக்க வேண்டும்.