மரகதத்தின் பகல் தூக்கம்

நைட் ஷிப்ட்காரிக்குப் பகல்தான் ராத்திரி. ஒரகடத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற மரகதம், பிள்ளைப்பாக்கத்து வீட்டின் ஒரே அறையை அதற்கேற்ப மாற்றி வைத்திருந்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்து ஜன்னலில் ஒட்டி, கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்து, உச்சி வெயிலிலும் உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாதபடி செய்திருந்தாள். புருஷன் ராஜசேகருக்குப் பகல் ஷிப்ட், ஓ.டி. வேறு. அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவள் மாட்டிக்கொண்டிருப்பாள். குடும்பம் நடத்துகிறார்களா, டியூட்டி மாற்றிக்கொள்கிறார்களா என்பது அந்த வல்லக்கோட்டை முருகனுக்கே வெளிச்சம்.

மகள் ஐஸ்வர்யா மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பூனை மாதிரி உள்ளே நுழைந்து, தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அம்மா சத்தத்தை அணைத்து வைத்திருக்கும் போனை எடுத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்துவிடுவாள். தெருவில் விட முடியாது, எந்நேரமும் மண் லாரி. பிள்ளை பத்திரமாக உள்ளே இருக்கிறாள், அது போதும் என்று நிம்மதியாகத் தூங்கினாள் மகராசி.

போன வருஷம் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டார்கள். எந்நேரமும் போட்டிருந்தால் பவர் ஏறிவிடும் என்று யாரோ சொல்ல, வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைக்கச் சொன்னவளும் மரகதம்தான். பிள்ளை சொன்னபடி கழற்றினாள். போன் மூக்குக்குக் கிட்டே வந்தது.

பிள்ளைக்குப் போர்டு தெரியவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். அந்தச் சனிக்கிழமை, வேலை முடிந்து வந்தவள் தூங்காமலே மகளை ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்துப் போனாள். பவர் இரட்டிப்பாகிவிட்டது என்றார் கண் டாக்டரம்மா. அப்பாவுக்கும் கண்ணாடி உண்டா என்று கேட்டார். உண்டு. அப்பா வழியில் வந்ததை மாற்ற முடியாது, மற்றதை மாற்றலாம் என்றார். கண்ணாடியைக் கழற்றக் கூடாது, போனைக் குறைக்க வேண்டும், முக்கியமாகத் தினமும் பகல் வெளிச்சத்தில் பிள்ளை வெளியே விளையாட வேண்டும். பிறகு ஐஸ்வர்யாவிடம் திரும்பி, போர்டு தெரியவில்லை என்று வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"அம்மா தூங்கினு இருந்துச்சு," என்றாள் ஐஸ்வர்யா.

குறை சொல்கிற குரலே இல்லை. அதைத்தான் மரகதத்தால் தாங்க முடியவில்லை. டாக்டரம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. புருஷனிடம் சொல்லி அழலாமென்றால் அவன் கம்பெனி லைனில் வேலையாக நிற்பான், போன் லாக்கரில் கிடக்கும். திரும்பி வரும் ஷேர் ஆட்டோவில் அத்தனை பேருக்கு நடுவே அவளுக்கென்று ஒருவரும் இல்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இன்னும் கெட்டுவிடவில்லை, அந்த மட்டும் புண்ணியம். வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் அட்டையைக் கிழித்தெறிந்தாள். வெயில் கொஞ்சம் தணிந்ததும், பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் நிலத்துக்கு மகளைக் கூட்டிப்போனாள். போய் விளையாடு என்று சொல்லிவிட்டு, ஓரத்துப் புங்க மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். ராத்திரியெல்லாம் நின்ற உடம்பு. கண் எப்போது சொருகியது என்று அவளுக்கே தெரியாது.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஐஸ்வர்யா விளையாடப் போகவே இல்லை. அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பந்தோடு கூப்பிட வந்த பிள்ளைகள் சிலர் எதிரே நிற்க, வாயில் விரலை வைத்து அவர்களை அடக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

மரகதம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"கத்துடி பாப்பா. அம்மா முழிச்சினுதான் கீறேன். நல்லா சத்தமா கத்து."

நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று அம்மாவின் முகத்தை வெகு கிட்டத்தில் வந்து பார்த்தாள் ஐஸ்வர்யா. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"இன்னான்னும்மா கத்தறது?" என்று காதோடு கேட்டாள்.