விமான நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்

நுகர்வோர் ஆணையத்தின் தீர்ப்பு நகல் கைக்கு வந்த வாரமே, ஜெயக்கொடியின் வீட்டுமனை சோழவந்தான் பக்கத்திலிருந்து கிளம்பி விமான நிலையத்தை நோக்கி நகர ஆரம்பித்தது. மேலே இருந்த வீடும் முருங்கை மரமும் போர்க்குழாயும் கூடவே போயின. உச்சி வெயிலில் மனை நகராது. நிழலாகப் பார்த்து நின்றுகொள்ளும்.

அருள்பாண்டி என்ற மனை வியாபாரி, வெற்றிலைக் கொடிக்காலை அழித்துக் கல் ஊன்றி, ‘விமான நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று கலரில் நோட்டீஸ் அடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வைத்து ஆட்களைக் கூட்டிப்போய் பிரியாணி போட்டார். பிரியாணி சாப்பிட்ட வாய் தூரத்தைப் பற்றிக் கேட்காது. கேட்ட ஒன்றிரண்டு பேரிடம், புது ரோடு வருகிறது, வந்துவிட்டால் ஐந்தே நிமிடம் என்றார். ஜெயக்கொடி நம்பி வாங்கி வீடும் கட்டினார். அவர் மகள் அஸ்வினிக்கு விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை, அதிகாலை ஷிப்ட். ரோடு வரவில்லை. கோழிக்கு முன்னால் எழுந்து, பஸ் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள் அஸ்வினி. பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்? ஜெயக்கொடி வழக்குப் போட்டார். அக்கம்பக்கத்து மனைக்காரர்கள், இந்தம்மாவுக்கு வேறு வேலையில்லை என்று சிரித்தார்கள்.

ஐந்து நிமிடம் என்றுதான் நோட்டீஸ் சொன்னது, எதில் போனால் என்று சொல்லவில்லை, விமானத்தில் போனால் கணக்குச் சரியாக வரும் என்று வாதாடினார் அருள்பாண்டியின் வக்கீல். ஆணையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வண்டியில்லாதவர் இதைக் கால்நடையாகத்தான் புரிந்துகொள்வார் என்றார். பணத்தைத் திருப்பித் தந்தால் போதுமா என்றும் கேட்டார்.

“காச வச்சு நான் என்ன செய்யங்கய்யா? எம்பிள்ள விடியுற வரைக்கும் தூங்கணும். சொன்ன எடத்தக் குடுக்கச் சொல்லுங்க,” என்றார் ஜெயக்கொடி.

விளம்பரத்தில் சொன்னபடியே மனையை ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அருள்பாண்டி சிரித்துக்கொண்டே மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்தார். மண்ணுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அது கிளம்பிவிட்டது.

பரவை மார்க்கெட்டில் காய்கறி லாரிக்காரர்கள் மட்டும், லோடு இறக்க வேண்டும், வீட்டைக் கொஞ்சம் ஓரமாக விடச் சொல்லுங்கள் என்று சத்தம் போட்டார்கள். நானா ஓட்டுகிறேன், கோர்ட்டில் போய்க் கேளுங்கள் என்று ஜன்னல் வழியே பதில் சொல்லிவிட்டு ஜெயக்கொடி ரசத்துக்குப் புளி கரைத்தார். சுங்கச்சாவடியில் இது எந்த வகை வாகனம் என்று பலகையைப் பார்த்தார்கள். வீடு பலகையில் இல்லாததால் சும்மா விட்டார்கள். வைகையில் வழக்கம்போலத் தண்ணீர் இல்லை, ஆகவே கடப்பதிலும் சிரமம் இல்லை.

அவனியாபுரம் தாண்டி, விமான நிலைய வாசலுக்கு ஐந்து நிமிட நடையில் மனை நின்றது. கரண்டு மீட்டரை மாற்றினார்கள், தபால்காரர் பழகிக்கொண்டார். சிரித்த மனைக்காரர்கள் பழைய நோட்டீஸைத் தேடி எடுத்து ஆணையத்தின் வாசலில் வரிசையில் நின்றார்கள். பயந்துபோன அருள்பாண்டி, ‘தண்ணீர் உப்பு, பஸ் இரண்டு மாற வேண்டும்’ என்று புது நோட்டீஸ் அடித்தார். இத்தனை உண்மை பேசுகிறவர் வேறு எதையோ பெரிதாக மறைக்கிறார் என்று ஒருவரும் வாங்கவில்லை.

பிறகொரு வருடம் விமான நிலையத்தை விரிவாக்க, ஜெயக்கொடியின் மனை இருந்த பக்கம் நிலம் எடுத்தார்கள். வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று அளவைக்காரர்கள் விடியற்காலையிலேயே வந்து டேப்பைப் பிரித்தார்கள். ஜெயக்கொடி வாசலுக்கு வந்தார்.

“மெதுவா அளங்கண்ணே. பிள்ள தூங்குது.”

அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, புதிய வாசல் வரப்போகும் இடத்தில் கல்லை நட்டார்கள். தீர்ப்பு தீர்ப்புதான், வீடு அந்தக் கல்லிலிருந்து ஐந்து நிமிட நடைக்குப் பின்வாங்கி, சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அளவைக்காரர்களில் பெரியவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். உள்ளே அஸ்வினி புரண்டு படுத்தாள்.