மேல் வீட்டு யானை

காலை எட்டே முக்காலுக்கு அவள் அலுவலகம் கிளம்புவாள். படுக்கையறையிலிருந்து பதினோரு அடி நடந்தால் அலுவலகம் வந்துவிடும். முன்பு பழைய பெட்டிகளும் உடைந்த மின்விசிறியும் கிடந்த அறை அது. இப்போது ஒரு மேசை, ஒரு நாற்காலி, கேமராவில் தெரியும் அளவுக்கு மட்டும் அடுக்கிய புத்தக அலமாரி. கேமராவுக்கு எட்டாத மூலையில் துவைத்த துணி மடிக்க ஆளில்லாமல் குவிந்து கிடக்கும். உடுப்பிலும் அதே கணக்குத்தான். இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே முட்டி வெளுத்த பைஜாமா.

கால்நடை மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் நிறுவனம் அவளுடையது. எந்த நாய்க்கு என்றைக்குத் தடுப்பூசி, எந்தப் பூனைக்கு எந்த டாக்டர் என்பதையெல்லாம் அந்த மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வளர்ப்பவர்களுக்கு நினைவூட்டுச் செய்தியும் அனுப்பும். அவளையும் சேர்த்து ஒன்பது ஊர்களில் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள், அவரவர் வீட்டிலிருந்தே. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. தோளுக்குக் கீழே யாருக்கும் உடம்பு இருக்கிறது என்பதற்கே ஆதாரமில்லை.

ஒன்பது மணிக்குக் கூட்டம். "மியூட்ல இருக்கீங்க", "இப்போ கேக்குதா?" என்று முதல் ஐந்து நிமிஷம் போகும். பிறகு அவள் பேசுவாள். தூரத்தில் இருப்பவர்களோடு பேசுவதென்றால் தூரத்துக்குத் தகுந்தபடி குரலை உயர்த்த வேண்டும் என்பது அவள் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. காதில் ஹெட்போனை வேறு மாட்டிக்கொள்வதால் தான் எவ்வளவு கத்துகிறோம் என்பது அவளுக்கே தெரியாது. கூட்டம் முடிந்தால் வாடிக்கையாளர்கள், அவர்கள் முடிந்தால் முதலீட்டாளர்கள், அப்புறம் வேலைக்கு ஆள் எடுக்கும் பேச்சு. மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு மறுபடி கத்தப் போவாள்.

இந்த ஒழுங்கான வாழ்க்கையில் நான்கு மாதமாக ஒரு முள். மேல் வீட்டுக்கு யாரோ புதிதாகக் குடிவந்திருந்தார்கள். தினமும் பதினோரு மணிவாக்கில் தலைக்கு மேலே தொம், தொம், தொம் என்று ஆரம்பிக்கும். சில நாள் ஐந்து நிமிஷம், சில நாள் அரை மணி நேரம். ஒருமுறை முதலீட்டாளர் ஒருவர், "உங்க ஊர்ல பூகம்பமா?" என்று பதறிப்போய்க் கேட்டார். அன்றைக்கே அவள் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதினாள். 'என் தலைக்கு மேல் யாரோ யானை கட்டி வளர்க்கிறார்கள் என்றே தோன்றுகிறது' என்ற வரி அவளுக்கே மிகவும் பிடித்துப்போய், அடிக்கோடும் போட்டாள். செயலாளர் கோப்பு என்றால் உயிரை விடுகிற மனிதர். கடிதத்தில் இருந்த பெயரை மறைத்து ஒரு நகலை மேல் வீட்டுக்கு அனுப்பினார். மறுநாளிலிருந்து சத்தம் நின்றது.

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை.

மென்பொருளில் எங்கேயோ ஒரு கோளாறு புகுந்து, நோயாளியின் பெயர் வர வேண்டிய இடத்தில் டாக்டரின் பெயர் வர ஆரம்பித்தது. ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து முந்நூறு பேருக்கு இப்படிச் செய்தி போனது: 'டாக்டருக்கு நாளை காலை பத்து மணிக்குக் கருத்தடை அறுவை. வெறும் வயிற்றில் அழைத்து வரவும். கடிக்கும் பழக்கம் இருந்தால் வாய்க்கூடு கட்டவும்.' அந்த டாக்டர் வீட்டிலும் ஒரு பூனை இருந்ததால் அவர் மனைவிக்கும் இது போயிற்று. அந்த அம்மாள், 'சரி, கூட்டிட்டு வரேன்' என்று பதில் போட்டிருந்தார். டாக்டருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்றார்.

இதையெல்லாம் ஊதித் தள்ளக்கூடியவன் நெட்டை. நிறுவனத்தின் தலைசிறந்த நிரல்காரன். உச்சந்தலை எப்போதும் திரைக்கு மேலே போய்விடுவதால் அந்தப் பெயர். முதுகுக்குப் பின்னால் ஒரு பனிமலைப் படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த வாரம் மட்டும் அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"என்னாச்சு உங்களுக்கு?" என்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவள் கேட்டாள்.

"சொன்னா சிரிப்பீங்க மேடம். எனக்கு எங்கயாவது மாட்டிக்கிச்சுன்னா கயிறு குதிப்பேன். ஒரு இருநூறு குதிச்சா விடை வந்துரும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். இப்போ குதிக்க முடியல. கீழ் வீட்டம்மா புகார் எழுதிப் போட்டுட்டாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருங்க அவங்க? ஒரு மனுஷன் சொந்த வீட்டுக்குள்ள நாலு குதி குதிக்கக்கூடாதா? ஈவு இரக்கமே இல்லாத ஜென்மமா இருக்கும்போல!"

"அதை ஏன் கேக்கறீங்க மேடம். அந்தம்மா நாள் முழுக்க யாரையாவது திட்டிக்கிட்டே இருக்கும். வீட்டுக்காரர் பாவம், நல்லவர். மூச்சு விடற சத்தம்கூட கேக்காது. லெட்டரைப் படிக்கறேன், கேளுங்க. 'என் தலைக்கு மேல் யாரோ யானை கட்டி வளர்க்கிறார்கள் என்றே...' இதுல அடிக்கோடு வேற!"

பதின்மூன்று சதுரங்களில் பதின்மூன்று பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினான்காவது சதுரத்தில் அவள் வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தாள். "மேடம் நெட்வொர்க் போயிருச்சு" என்றான் ஒருவன். அவளும் அதையே பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கையை மட்டும் நகர்த்தி இணைப்பைத் துண்டித்தாள்.

ஓடிப்போய்ச் செயலாளரிடம் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அவர் கோப்பைத் தடவிக்கொடுத்தார்.

"அது முடியாதுங்க. தீர்மானம் ஆயிடுச்சு. அடுத்த மாசக் கூட்டத்துலதான் எடுக்கணும். வேணும்னா இன்னொரு புகார் கொடுங்க, சத்தம் வரலன்னு."

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கணவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கணக்கு வாத்தியார். அதிகம் பேசமாட்டார்.

"நல்லவர்னா சொன்னான்?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். பிறகு, "மேல போய் நேரா சொல்லிடேன்" என்றார்.

"எப்படிங்க போறது? நான் அவனுக்கு முதலாளி!"

"கீழ் வீட்டம்மாவும் நீதானே?"

வெள்ளிக்கிழமை காலை அவள் படியேறினாள். கதவு திறந்தது. எதிரே நின்றவன் அவள் தோள் உயரம்தான் இருந்தான். முகத்தைப் பார்த்தபிறகுதான் நெட்டை என்று தெரிந்தது. அவனோ அவளுடைய சட்டையையும் பைஜாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"மேடம்... வேலையை விட்டுத் தூக்கறதுக்கு நேர்லயே வந்துட்டீங்களா? ஒரு மெயில் போட்டிருந்தா போதுமே!"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. சும்மா பேசலாம்னுதான்."

உள்ளே உட்கார்ந்தார்கள். பேச்சுதான் வரவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவன் அவள் நெற்றியைப் பார்த்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அதைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். மூன்று வருஷமாகத் தினமும் பேசிப் பழகிய இருவரும் பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் நெளிந்தார்கள்.

கடைசியில் அவள் எழுந்தாள். "இது சரிப்பட்டு வராது. நான் கீழ போய்க் கூப்பிடறேன்."

"அதான் மேடம் நல்லது" என்றவன் சட்டென்று நின்றான். "கீழயா?"

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

திரையில் பனிமலைக்கு முன்னால் அவன் வந்ததும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். "யானை லெட்டர் எழுதினது நான்தான். தப்புத்தான். மன்னிச்சுக்குங்க."

அவன் வாய் அசைந்தது. கை இரண்டும் அசைந்தன. புருவம் ஏறி இறங்கியது. ஒரு நிமிஷம் முழுக்க அவன் என்னென்னவோ பேசினான்.

"மியூட்ல இருக்கீங்க" என்றாள்.

அவன் திடுக்கிட்டுப் பொத்தானைத் தட்டினான். "ஒண்ணுமில்ல மேடம். பரவாயில்லைன்னு சொன்னேன்."

பரவாயில்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் துருவிக் கேட்கவில்லை. "போய்க் குதிங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

தொம், தொம், தொம். விளக்கு ஆடியது, மேசைமேல் இருந்த தண்ணீர் நடுங்கியது. அவள் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நூற்று நாற்பதில் சத்தம் நின்றது. பத்தே நிமிஷத்தில் 'கிடைச்சிருச்சு' என்று செய்தி வந்தது. போன வாரம் சேர்த்த ஒரே ஒரு வரியில் இரண்டு பெயர்கள் இடம் மாறியிருந்தன. மதியத்துக்குள் எல்லா நாய்களும் மறுபடி நாய்களாயின. டாக்டரும் தப்பித்தார், ஒப்பந்தமும் தப்பித்தது.

மூன்று மணிக்குச் செயலாளர் கோப்போடு வாசலில் வந்து நின்றார். "காலைல மறுபடி சத்தமாமே? வாட்ச்மேன் சொன்னாரு. இந்தத் தடவை அபராதம் போட்டுடலாம். நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார்."

அந்த நேரம் பார்த்து மேலே இரண்டாவது ஆட்டம் ஆரம்பித்தது. கூரையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்து செயலாளரின் தோளில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் ஆடாமல் அசையாமல் சிரித்த முகமாக நின்றாள். அவர் பேனாவைத் திறந்து, 'புகார்தாரருக்குக் காது கேட்கவில்லை' என்று பொறுமையாக எழுதிக் கோப்பை மூடினார்.