மூச்சு விட நேரமில்லை

அவளுக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று கையோடு வந்துவிடும் போல வலித்தது. கிடங்கில் பெட்டி அடுக்க வந்து இரண்டாவது நாள்தான். பக்கத்து வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்த அண்ணி, "கையால தூக்காதடி, இடுப்போட அணைச்சுத் தூக்கு. பேனாவா அது, ரெண்டு விரல்ல பிடிக்க?" என்றாள்.

பேனாவை நம்பிப் பிழைத்தவள்தான். கிடங்கில் அவளுக்கு 'எழுத்துக்காரி' என்றே பெயர் விழுந்துவிட்டது. கம்பெனிகளுக்கு விளம்பரம், பள்ளிக்கூடங்களுக்கு ஆண்டு மலர் என்று கேட்டதை எழுதிக் கொடுப்பாள். எழுதினால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. மூன்று மாதமாக இல்லை. ஆனாலும் யார் விசாரித்தாலும், "மூச்சு விட நேரமில்ல" என்பாள். சும்மா இருக்கிறேன் என்று சொன்னால், சரக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். இந்த வாரமும் ஒன்றும் வராவிட்டால், எழுத்தை மூட்டை கட்டிவிட்டுக் கிடங்கிலேயே நிரந்தரமாகச் சேர்ந்துவிடுவதாக மேற்பார்வையாளரிடம் சொல்லியிருந்தாள்.

வாசலில் வேன் வந்து நின்றது. இறங்கியவர் அவளுக்கு முன்பெல்லாம் வேலை கொடுத்த அச்சகக்காரர். பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்தாள்.

"எங்கடி ஒளியற? கட்டு ஏத்தணும், வா!" அண்ணியின் குரல் கூரையில் முட்டியது.

அச்சகக்காரர் அவள் கையுறையைப் பார்த்தார். "நீங்க இங்க என்னம்மா பண்றீங்க?"

"ஒரு கட்டுரைக்காகப் பார்க்க வந்தேன் சார். வேலை தலைக்கு மேல கிடக்கு."

"தலைக்கு மேல கிடக்கறது பெட்டி சார்," என்றாள் அண்ணி. "மூணு மாசமா ஈ ஓட்டிட்டிருந்தா. நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

எழுத்துக்காரிக்கு முகம் காந்தியது. அவரோ தலையில் அடித்துக்கொண்டார். "நேரமில்ல நேரமில்லன்னீங்க, நானும் கேக்கறதையே விட்டுட்டேன். வேற ஆளை எழுத வெச்சேன், கம்பெனிக்காரன் அச்சடிச்ச கட்டு மொத்தத்தையும் இங்கேருந்து திருப்பி எடுத்துட்டுப் போன்னுட்டான். பாருங்க!"

வெந்நீர்க் கருவிக்கான குறிப்புத்தாள். 'சுவிட்சைப் போடவும். அதற்கு முன் தண்ணீர் நிரப்பவும்.'

அண்ணி எட்டிப் படித்தாள். "சூடு ஏத்திட்டு அப்புறமா தண்ணி ஊத்தச் சொல்றானே!"

"இதை மாத்தி எழுதணும். இன்னும் ரெண்டு கருவிக்குப் புதுசா வேணும். நாளைக்கு வர முடியுமா?"

"பார்க்கறேன் சார், நேரம்..." என்று பழக்கதோஷத்தில் வாய் தொடங்கியது. விலாவில் அண்ணியின் முழங்கை இறங்கியது.

"வர்றேன் சார். வேற எது இருந்தாலும் குடுங்க. கை காலியாத்தான் இருக்கு."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, இத்தனை நாளும் நெஞ்சின் மேல் எவ்வளவு பெரிய பெட்டியைச் சுமந்திருக்கிறாள் என்று.

சாப்பாட்டு நேரத்தில் பழைய ஆட்கள் இருவருக்குப் போன் போட்டு அதையே சொன்னாள். ஒருவர் இப்போதைக்கு இல்லை என்றார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, "நல்லவேளை, உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்தேன். மலர் வேலை அப்படியே நிக்குது," என்றார். எழுத்துக்காரி பெட்டி மேலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

நாளைக்கு வரமாட்டேன் என்றதும் மேற்பார்வையாளர்தான் முறைத்தார். "நாளைக்கு ஆள் குறையக் கூடாது."

"அவ வரிசையும் நானே அடுக்கறேன்," என்ற அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். "ஓசின்னு நினைச்சுக்காத. ஞாயித்துக்கிழமை என் முறை, நீ வந்து தூக்கற."

எழுத்து வேலை இரண்டு இடத்தில் கிடைத்துவிட்டது. அண்ணிக்கு மட்டும் ஒரு நாள் பெட்டி தூக்கும் கடன் பாக்கி.